வியட்நாமுக்கு முதல் முறை செல்வோருக்கு: புறப்படும் முன்பும் போய் இறங்கிய பின்பும்

வியட்நாம் வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாடு. நடுவில் அது மிகவும் ஒடுங்கி, ஓரிடத்தில் கடலுக்கும் லாவோஸ் எல்லைக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் அகலமே கொண்டிருக்கிறது. இந்த வடிவத்தை வரைபடத்தில் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டே பயணத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். முதல் முறை செல்பவர்களில் பலர் ஏழு நாட்களுக்குள் ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், மேகாங் கழிமுகம் என அனைத்தையும் அடுக்கிக்கொண்டு, பாதி நாட்களை விமான நிலையங்களிலும் பேருந்துகளிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் நான்கு முறை சென்று வந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று அறுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன் சென்ற பயணம். எனக்குத் தெரிந்தவற்றை, ஒரு புதியவர் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் மாதம், பிறகு பகுதி

வடக்கு, நடு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தட்பவெப்பம் வேறு வேறு. ஆகவே உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த மாதத்துக்கு ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இதில் நம்மவர்கள் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருத்தம் உண்டு. ஹுவே, டா நாங், ஹோய் ஆன் ஆகிய ஊர்கள் இருக்கும் நடுப்பகுதியின் கடற்கரையும் நம் சோழமண்டலக் கடற்கரையைப் போலவே கிழக்கு நோக்கியது. அங்கும் பெருமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பெய்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே நாட்களில் அங்கேயும் ஆறுகள் கரை புரள்கின்றன. 2025 அக்டோபர் இறுதியில் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் படகில் போய்வந்தார்கள். தீபாவளி விடுமுறையை ஒட்டி ஹோய் ஆன் விளக்குகளைப் பார்க்கலாம் என்று திட்டமிடும் குடும்பங்களுக்கு நான் சொல்வதெல்லாம், அந்த ஊரை வேறு பருவத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, அப்போது வெயில் தணிந்து வானம் தெளிந்திருக்கும் ஹனோய்க்கும் அதற்கு அருகிலுள்ள நின் பின்னுக்கும் செல்லுங்கள் என்பதுதான்.

பொங்கல் விடுமுறையில் தெற்கு நன்றாக இருக்கும்; டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. அதே ஜனவரியில் ஹனோய் 15 பாகை அளவில் குளிர்ந்து, மூடுபனியும் தூறலுமாக இருக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போகக் கூடாது. பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்வதானால் நடுப்பகுதியின் கடற்கரைகள் ஏற்றவை, வெயில் மட்டும் நம் ஊர் வெயிலுக்குச் சளைக்காது. வடக்கே கோடையின் பிற்பகுதியில் புயல்கள் தாக்குவதுண்டு. 2024 செப்டம்பரில் யாகி புயல் ஹா லாங் பகுதியைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். அப்போது படகுக்காரரிடம் வற்புறுத்தாமல் பயணத்தைக் கைவிடுவதே அறிவுடைமை.

‘தெட்’ எனப்படும் சந்திரப் புத்தாண்டு நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 2027இல் அது பிப்ரவரி 6 அன்று வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார காலம் ஊருக்குச் செல்லும் மக்களால் ரயிலும் விமானமும் நிரம்பிவிடும். குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். வீடுகளின் வாசலில் பீச் மலர்க் கிளைகளும் மஞ்சள் மலர்க் கொத்துகளும் அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் பயணத்துக்கு அது உகந்த காலம் அல்ல.

நாட்களின் கணக்கில் என் கருத்து இது: ஏழு நாட்கள் என்றால் ஒரு பகுதி மட்டும்; பத்து நாட்கள் என்றால் இரண்டு; மூன்று பகுதிகளையும் பார்க்க இரண்டு வாரங்களாவது தேவை.

விசாவும் நம் பெயர்களும்

இந்தியர்களும் இலங்கையர்களும் இணையவழி விசா பெற்றுச் செல்ல வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் குடிமக்களுக்கு 30 நாட்கள் வரை விசா தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் இணையவழி விசா 90 நாட்கள் வரை செல்லுபடியாகிறது. ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர் கட்டணம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. மூன்று வேலை நாட்களில் கிடைக்கும் என்று சொல்லப்பட்டாலும், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அரசின் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட முகவர் தளங்கள் பல உள்ளன. அவை இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கேட்கும். முகவரியின் முடிவில் வியட்நாம் அரசுக்குரிய ‘கவ் டாட் விஎன்’ என்ற பகுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே விவரங்களை நிரப்புங்கள்.

தமிழர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கலாம், தலைப்பெழுத்து விரித்து எழுதப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கலாம். விண்ணப்பத்தை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புமுனை போன்ற குறிகளுடன் இரண்டு வரிகள் இருக்கும். அவற்றில் முதல் வரியில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில், எந்த வரிசையில் உள்ளதோ அப்படியே எழுத வேண்டும். என் தாயாரின் விண்ணப்பத்தை நிரப்பியபோது, தந்தையின் பெயர் இருந்த பகுதியை நான் விட்டுவிட்டேன். புறப்படுவதற்கு ஆறு நாட்களுக்கு முன், அச்சிட்ட தாளைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிட்டபோதுதான் அது கண்ணில் பட்டது. மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் 25 டாலர் கட்டினோம். புதிய விசா வந்து சேர்ந்தது புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில். அந்த நாட்களில் அம்மா பெட்டியில் துணி அடுக்கவே இல்லை. ஆகவே விசா கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், நுழையும் தேதி ஆகிய நான்கையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள். இரண்டு படிகள் அச்சிட்டு வெவ்வேறு பைகளில் வையுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, வியட்ஜெட் நிறுவனம் 2023இல் கொச்சியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஹோ சி மின் நகருக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. கால அட்டவணை மாறக்கூடியது என்பதால், கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகச் செல்லும் விமானங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மலிவு விமானங்களில் கைப்பையின் எடையையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

டாங் நோட்டுகளைப் பழகிக்கொள்ளுதல்

வியட்நாமின் பணம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்பதால், இலட்சக்கணக்கில் விலையைக் கேட்டதும் முதல் நாள் மனம் திகைக்கும். எளிய வழி, கடைசி மூன்று சுழியங்களை விட்டுவிட்டு மீதியை மூன்றரையால் பெருக்குவது. 60,000 டாங் என்றால் அறுபது மூன்றரை, ஏறத்தாழ 210 ரூபாய். உள்ளூர் மக்களும் அந்தச் சுழியங்களைச் சொல்வதில்லை. விலைப் பலகைகளிலும் அறுபது என்று எழுதிப் பக்கத்தில் ‘கே’ எழுத்தைப் போட்டிருப்பார்கள். தெருக்கடையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் 50,000 முதல் 70,000 வரை, ஒரு காபி 25,000 முதல் 40,000 வரை இருக்கும்.

எல்லா நோட்டுகளிலும் ஹோ சி மின்னின் முகமே இருக்கிறது. எனவே படத்தை வைத்து அடையாளம் காண முடியாது. அதிலும் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 70 ரூபாய், மற்றதன் மதிப்பு 1,700 ரூபாய்க்கு அருகில். ஹுவேயில் ஒரு நடைபாதைக் கடையில் கரும்புச் சாறு குடித்துவிட்டு, 20,000 என்று நினைத்து 500,000 நோட்டைக் கொடுத்துவிட்டு நான் நடந்துவிட்டேன். கடைக்கார மூதாட்டி செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடி வந்து, என் கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டில் இருந்த சுழியங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி, அதைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முதல் 500,000 நோட்டுகளைப் பணப்பையின் வேறு அறையில் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மடிப்பும் கறையும் இல்லாத டாலர் நோட்டுகளைக் கொண்டு சென்று, வங்கியிலோ உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்திலோ மாற்றிக்கொள்ளலாம். 5,000 டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டு சென்றால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சிறு கடைகளில் உள்ளூர் மக்கள் கியூஆர் குறியீட்டின் மூலம் பணம் செலுத்துவதைப் பார்ப்பீர்கள்; அது உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. நமக்கு ரொக்கம் தேவைப்படும்.

போய் இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்

வியட்நாம் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் சிம் கார்டு வாங்குங்கள். வியட்டெல், வினாஃபோன், மோபிஃபோன் ஆகிய மூன்றும் பெரிய நிறுவனங்கள். மலைப்பகுதிக்குச் செல்வதானால் வியட்டெல் ஏற்றது. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள்.

வாடகை வண்டிக்கு ‘கிராப்’ செயலியைப் பயன்படுத்துங்கள். அதை நம் ஊரிலேயே நிறுவி, நம் எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பதிவை முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். சிம்மை மாற்றிய பிறகு அந்தச் செய்தி வந்து சேராமல் பலர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டணத்தை முன்கூட்டியே திரையில் பார்த்துவிடலாம் என்பதால் பேரத்துக்கு இடமில்லை. வண்டி வந்ததும் எண் பலகையை ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள். செயலி இல்லாவிட்டால் மாய் லின், வினாசன் ஆகிய நிறுவனங்களின் மீட்டர் வண்டிகளைத் தேடலாம். அவற்றின் பெயரையும் நிறத்தையும் போலவே அமைந்த வேறு வண்டிகள் ஓடுவதால் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஹனோயின் நோய் பாய் விமான நிலையத்திலிருந்து பழைய நகரப் பகுதிக்கு 86ஆம் எண் பேருந்து செல்கிறது. சுமை குறைவாக இருந்தால் அதுவே போதும்.

முகவரி விஷயத்தில் ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூலை 1 முதல் வியட்நாம் தன் 63 மாநில அளவிலான பிரிவுகளை 34 ஆகக் குறைத்து, மாவட்டம் என்ற அடுக்கையே நீக்கிவிட்டது. ஹோய் ஆன் இப்போது டா நாங் நகரத்தின் கீழ் வருகிறது. வடக்கு மலைப்பகுதியில் உள்ள ஹா ஜியாங், துயென் குவாங்குடன் இணைந்துவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள முகவரியும் விடுதி அனுப்பும் முகவரியும் ஒத்துப்போகாமல் இருந்தால் கலங்க வேண்டாம். மக்கள் பேச்சில் இன்னும் பழைய மாவட்டப் பெயர்களே வழங்குகின்றன. விடுதியின் பெயர், தெரு, கதவு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை வியட்நாமிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். காவல் துறைக்குப் பதிவு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. படியெடுத்ததும் உடனே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மின்சாரம் நம் ஊரைப் போல 220 வோல்ட். இரண்டு உருண்டை முனைகள் கொண்ட கைப்பேசி சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முனைப் பிளக் பொருந்தாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கழிவறைகளில் பெரும்பாலும் கைத்தெளிப்பான் இருக்கும். நம் வீட்டு முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சைவ உணவு உண்பவர்களுக்கு

வியட்நாமில் சைவர்களுக்கு உணவு கிடைக்காது என்று பலரும் அச்சுறுத்துவார்கள். அது உண்மையல்ல, ஆனால் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டும். பௌத்த மரபில் இறைச்சி, மீன் இல்லாத உணவுக்கு ‘சாய்’ என்று பெயர். இந்தியில் தேநீரைச் சொல்லும் ஒலிதான். ‘தோய் அன் சாய்’ என்றால் நான் சைவம் உண்பவன் என்று பொருள். பெயர்ப் பலகையில் ‘குவான் சாய்’ அல்லது ‘கோம் சாய்’ என்று இருந்தால் அது முழுமையான சைவக் கடை. அங்கே எதையும் கேட்டுக்கொண்டிருக்காமல் தட்டைக் காட்டி வாங்கலாம். மீன் வடிவத்திலும் இறைச்சித் துண்டு வடிவத்திலும் இருப்பவை சோயாவிலும் காளானிலும் செய்தவை. என் தந்தை முதலில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவற்றைக் கடையின் சமையலறையில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கை வைத்தார்.

மற்ற கடைகளில் வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது போதாது. ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸின் சாறு, மாட்டெலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுப்பது. இறைச்சி வேண்டாம் என்றால் துண்டுகளை மட்டும் நீக்கிவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள். அவர்கள் கண்ணில் அது ஏமாற்று அல்ல, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ‘நுவொக் மாம்’ என்னும் மீன் சாறும் நம் சமையலில் உப்பைப் போல எங்கும் கலந்திருக்கும். வெள்ளைப்பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய வள்ளைக்கீரை நம் நாவுக்கு மிகவும் இசைந்த உணவு. அதிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ விட்டிருக்கலாம். ‘கோம் நுவொக் மாம்’, அதாவது மீன் சாறு வேண்டாம் என்பதை வியட்நாமிய எழுத்தில் கைப்பேசியில் சேமித்துக் காட்டுங்கள். வாய்ச்சொல்லைவிட எழுத்து நம்பகமானது; அவர்கள் மொழியின் ஒலி வேறுபாடுகள் நம் நாவுக்கு எளிதில் பிடிபடாததால் நாம் சொல்லும் ‘கோம்’ சோறாகவும் ஒலிக்கலாம், ‘வேண்டாம்’ ஆகவும் ஒலிக்கலாம்.

அமாவாசையும் பௌர்ணமியும் எந்த நாளில் வருகின்றன என்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் வியட்நாமியர் பலர் சைவம் உண்கிறார்கள். அன்று சாதாரணத் தெருக்கடைகளிலும் ‘சாய்’ பலகை முளைத்துவிடும். ஹுவே பௌத்த மடங்கள் நிறைந்த ஊர் என்பதால் அதன் சைவச் சமையல் தனிச் சிறப்புடையது. அங்கே ஓர் அமாவாசை நாளில் எங்களுக்குக் கிடைத்த தட்டில் பலாப்பிஞ்சை வேகவைத்து உதிர்த்து எள்ளும் புதினாவும் கலந்த கூட்டு, நறுக்கிய வாழைப்பூ, எலுமிச்சைப் புல் சேர்த்து வறுத்த சோயாக்கட்டி, சோறு எல்லாம் இருந்தன. அம்மா பலாப்பிஞ்சை எடுத்துப் பார்த்து, ‘இதை இவ்வளவு மெலிசாக உதிர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்’ என்று கேட்டார்.

அண்ணன், அக்கா, தம்பி

வியட்நாமியர் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லியே அழைக்கிறார்கள். ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுக்குப் பதிலாக அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, சித்தப்பா, அத்தை என வயதைப் பார்த்துச் சொல் மாறும். வேறு நாட்டவருக்கு இது தலைவலி. கடைக்காரரை ‘அண்ணே’ என்று அழைத்துப் பழகிய நமக்கு இது இயல்பு. உங்களைவிடச் சற்று மூத்த ஆணை ‘அன் ஒய்’, மூத்த பெண்ணை ‘சி ஒய்’, இளையவரை ‘எம் ஒய்’ என்று அழைத்தால் போதும். ‘ஒய்’ என்பது நம் விளியைப் போன்றது. முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். எந்த முறை சொல்லி அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘காம் அன்’ என்றால் நன்றி.

சாலையைக் கடத்தல்

ஹனோயின் பழைய நகரத்தில் நின்றால் ஸ்கூட்டர்களின் ஓட்டம் ஓயாது. வாகனம் நிற்கும் என்று காத்திருந்தால் மாலை வரை அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். ஓட்டுபவர்கள் உங்கள் நடையைக் கணித்து விலகிச் செல்கிறார்கள். ஆகவே கணிக்கக்கூடிய விதத்தில் நடப்பதுதான் உங்கள் கடமை. ஒரே சீரான மெதுவான நடையில் செல்லுங்கள், ஓடாதீர்கள், நடுவில் திடீரென்று நிற்காதீர்கள், எந்தக் காரணத்தைக் கொண்டும் பின்வாங்காதீர்கள். பெரியவர்களை வண்டி வரும் திசைக்கு மறுபக்கத்தில் நடக்கவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரும் பேருந்தும் இப்படி வளைந்து போகாது. அவை கடந்த பிறகே இறங்க வேண்டும். அங்கே வாகனங்கள் வலப்பக்கம் செல்வதால் முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது பற்றி நிறைய காணொளிகள் இருக்கின்றன. நம் ஊர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் கைவிட்டுவிடும். வடக்கே ஹா ஜியாங் மலைச் சுற்றுக்குச் செல்ல விரும்பினால், உள்ளூர் ஓட்டுநர் வண்டியை ஓட்ட நீங்கள் பின்னால் அமர்ந்து செல்லும் ஏற்பாடு இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். ஹோ சி மின் நகரில் நடைபாதை ஓரத்தில் நின்று கைப்பேசியில் வழி பார்க்காதீர்கள். வண்டியில் வந்து பறித்துச் செல்வது அங்கே நடக்கிறது. சுவரை ஒட்டி நின்று பாருங்கள்.

ஊர்விட்டு ஊர்

ஹனோய்க்கும் சைகோனுக்கும் (ஹோ சி மின் நகரின் பழைய பெயர்) இடையிலான 1,726 கிலோமீட்டர் ரயில் பாதையை முழுவதும் கடக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுத் தொலைவும் ரயிலில் போவது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனால் ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான பகுதியைப் பகலில் ரயிலில் கடக்காமல் திரும்பாதீர்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் மெல்ல ஏறும்போது ஒரு பக்கம் காடு, மறுபக்கம் செங்குத்தாகக் கீழே கடல். தெற்கு நோக்கிச் செல்லும்போது கடல் இடப்பக்கம் வரும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கவனியுங்கள். இரவுப் பயணத்துக்கு நான்கு படுக்கைகள் கொண்ட அறை வசதியானது. முதியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.

படுக்கைப் பேருந்துகள் மலிவானவை. ஏறும் படியிலேயே காலணியைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள். அதைப் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்குக் கால் நீட்ட இடம் போதாது. ஹோ சி மின் நகருக்குள் 2024 டிசம்பரில் முதல் மெட்ரோ பாதை பென் தான் சந்தையிலிருந்து தொடங்கப்பட்டிருக்கிறது. அந்த வழியில் செல்வதானால் வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

காண வேண்டியவற்றில் சில

ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள நின் பின், வயல்களுக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இடையே ஆற்றில் படகு செல்லும் இடம். அங்குள்ள தாம் கோக் பகுதியில் படகோட்டும் பெண்கள் சாய்ந்து அமர்ந்து, இரண்டு பாதங்களாலும் துடுப்புகளைப் பற்றி, மிதிவண்டி மிதிப்பது போல வலிப்பார்கள். ஹனோயில் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டுள்ள நினைவகம் காலையில் மட்டும் திறந்திருக்கும். திங்களும் வெள்ளியும் விடுமுறை. அரைக்கால் சட்டையும் கையில்லாத மேலாடையும் கூடாது. உள்ளே பேசுவதும் படமெடுப்பதும் கூடாது.

ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மீ சோன் பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில்கள் எழுப்பிய இடம் அது; இன்று எஞ்சியிருப்பவை செங்கல் கோயில்கள். பத்ரவர்மன் என்ற அரசன் நிறுவிய இறைவனுக்குப் பத்ரேசுவரன் என்று பெயர். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல கோபுரங்கள் சிதைந்தன. குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் புல் மூடிய குழிகளாகக் கோயில்களுக்கு நடுவே காணலாம். 1999இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்பு மேற்கொண்டபோது, 2020இல் ஒரே மணற்கல்லில் செதுக்கிய சிவலிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன், காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். லிங்கங்களைத் தொடவோ பூ வைக்கவோ முயல வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் களம்.

ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், த்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே சென்று வணிகம் செய்த தமிழர்கள் கட்டியது. தொன் தத் தியெப் தெருவில் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலும், தோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் உள்ளன. மாரியம்மன் கோயிலில் இன்று வழிபடுபவர்களில் மிகுதியானோர் வியட்நாமியர். கற்பூரத்துக்குப் பதிலாகக் கைநிறைய ஊதுபத்திகளை ஏந்தி வருகிறார்கள். கருவறையின் பின்புறம் சென்று கற்சுவரில் நெற்றியை ஒற்றி, மனத்தில் உள்ளதைத் தாழ்ந்த குரலில் அம்மனிடம் சொல்கிறார்கள். நாம் அங்கே சென்றால் வழிபாட்டு முறையைத் திருத்த முற்படாமல், வரிசையில் நின்று வணங்கிவிட்டு வருவதே முறை.

உடல்நலமும் கடைசி நாளும்

வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்; பயணக் காப்பீடு எடுக்காமல் முதியவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். அவசரத்துக்குக் காவல் துறை 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115. இந்தியத் தூதரகம் ஹனோயிலும், துணைத் தூதரகம் ஹோ சி மின் நகரிலும் இருக்கின்றன. அவற்றின் எண்களை முகவரித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

டாங் நோட்டுகளை நம் ஊரில் மாற்றுவது எளிதல்ல. ஆகவே கடைசி இரண்டு நாட்களில் செலவைக் கணக்கிட்டே டாலரை மாற்றுங்கள். அப்படியும் மிஞ்சுவதை விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்குள் நுழைவதற்கு முன்பே திரும்ப மாற்றிக்கொள்ளுங்கள். சில்லறையாக மிஞ்சும் சிறு நோட்டுகளுக்கு நான் வழக்கமாக வறுத்த காபித்தூள் கால் கிலோ வாங்கிவிடுவேன். அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே, இரண்டு உறைகளில் கட்டி வையுங்கள்.